பன்னிரண்டு சொற்களை எங்கே வைப்பது?
வாசகர் கேள்வி பதில்

பிட்காயின் போன்ற இணையப் பணமான கிரிப்டோவுக்குரிய வாலட் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டிருந்தோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூர் வட்டாரத்திலிருந்தும் எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கிரிப்டோ வாங்கலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் இந்தப் பகுதி போகவில்லை. வாங்கிவிட்டவர்கள் அதை எப்படிக் காப்பது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

நான் பொறியியல் மாணவன். கிரிப்டோ வாங்கி விற்க உதவும் ஓர் இந்திய எக்ஸ்சேஞ்ச் செயலியில் 3,000 ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கி வைத்திருக்கிறேன். "எக்ஸ்சேஞ்சில் வைக்காதே, உடனே சொந்த வாலட்டுக்கு மாற்று" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எந்த வாலட் சிறந்தது?
– மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

வாலட் என்ற பெயரே முதல் குழப்பத்தை உண்டாக்கிவிடுகிறது. மணிபர்ஸைத் திறந்தால் உள்ளே பணம் இருக்கும். கிரிப்டோ வாலட்டுக்குள் காயின் எதுவும் கிடையாது. எந்தக் கணக்கில் எவ்வளவு பிட்காயின் இருக்கிறது என்பது, உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து எடுப்பதற்குக் கையெழுத்துப் போடும் உரிமைதான் வாலட்டில் இருக்கிறது. அந்த உரிமை என்பது ஏறத்தாழ 78 இலக்கம் கொண்ட ஓர் எண். அதை ரகசியச் சாவி என்கிறார்கள். அந்த எண் எவர் கையில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே அந்தக் கணக்கு கீழ்ப்படியும். உங்கள் ஆதார் அட்டையையோ, வாங்கிய ரசீதையோ அது பார்க்காது.

எக்ஸ்சேஞ்ச் செயலியில் உங்கள் பெயருக்கு நேரே காயின் தெரிகிறதே என்று கேட்பீர்கள். அது சீட்டு நடத்துபவரின் நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்பட்ட வரவு போன்றது. சாவி அவர்களிடம் இருக்கிறது; நீங்கள் கேட்கும்போது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும் உங்களிடம் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அந்த நம்பிக்கை வீணாவதில்லை. வீணான நாட்களும் உண்டு. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014-இல் திவாலானபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று அறிவித்தது. அதில் சுமார் 2,00,000 மட்டும் பழைய வாலட் ஒன்றில் பின்னர் அகப்பட்டது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் சரிந்தது. 2024 ஜூலை 18 அன்று இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸின் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. அதில் கணக்கு வைத்திருந்த இந்தியர்கள் தங்கள் காயினைத் தொட ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது. அந்த விவகாரத்தையொட்டிய ஒரு வழக்கில், கிரிப்டோவும் ஒருவர் அனுபவிக்கவும் உடைமையாக வைத்திருக்கவும் கூடிய சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியிருப்பது முக்கியமானது. ஆனாலும், சொத்து என்று நீதிமன்றம் சொல்வதற்கும் அது உங்கள் கைக்கு வந்து சேர்வதற்கும் இடையே எத்தனை வாய்தா இருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, உங்கள் 3,000 ரூபாயை இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே விட்டுவைக்கச் சொல்கிறேன் என்றால் உங்கள் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். காரணம் இதுதான்: எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே எடுக்கும்போது ஒரு கட்டணம் பிடிக்கப்படும், சிறு தொகையில் அது கண்ணை உறுத்தும் அளவுக்குப் போய்விடும். அதைவிட முக்கியமாக, சாவியைக் காக்கப் பழகாதவர் தன் சாவியைத் தானே தொலைத்துவிடும் வாய்ப்பு, எக்ஸ்சேஞ்ச் மூழ்கும் வாய்ப்பைவிடக் குறைந்ததல்ல என்பது நான் பார்த்தவரையில் உண்மை. தொலைந்தால் உங்கள் ஒரு மாத வருமானமே போய்விடும் என்ற நிலைக்குத் தொகை வளரும்போது சொந்த வாலட்டுக்குப் போகலாம். இது என் சொந்தக் கணக்கு; விதியன்று. அதுவரை, மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்துகொண்ட எக்ஸ்சேஞ்சாக இருக்கட்டும். அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். சிம் கார்டை வேறொருவர் உங்கள் பெயரில் மாற்றி வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவருக்கே போய்ச் சேரும் என்பதால், எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பாமல், போனிலேயே அந்த எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலியை இணையுங்கள். வாங்கிய காயினை வெளியே எடுக்க அந்த எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் சில காயின்களை விற்று ரூபாயாக மட்டுமே எடுக்க முடியும்.

வாலட் பெயர் கேட்டீர்கள். பிட்காயின் மட்டும் போதும் என்றால் புளூவாலட், எலக்ட்ரம் போன்றவற்றைப் பார்க்கலாம். எதேரியம் என்ற மற்றொரு பிளாக்செயின் சார்ந்தவற்றுக்கு மெட்டாமாஸ்க் பழையது, பலர் பயன்படுத்துவது. எலக்ட்ரம் தரும் 12 மீட்புச் சொற்கள் (இவை என்ன என்பது அடுத்த பதிலில்) அதற்கே உரிய முறையில் அமைந்தவை என்பதால் மற்ற பெரும்பாலான வாலட்களில் அவற்றை இட்டால் ஏற்காது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எதை நிறுவினாலும் ப்ளே ஸ்டோரில் பெயரைத் தேடி முதலில் வந்ததைத் தட்டாதீர்கள். அதே பெயர், அதே படம் கொண்ட போலிகள் அங்கேயும் அவ்வப்போது நுழைந்துவிடுகின்றன. அந்த வாலட்டின் அதிகாரபூர்வ இணையதளத்துக்குச் சென்று, அங்கிருக்கும் இணைப்பு வழியாக ஸ்டோருக்குப் போவதே நல்ல பழக்கம்.

வாலட் நிறுவியபோது 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டி "பத்திரமாக எழுதி வையுங்கள்" என்றது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மறக்காமல் இருக்க வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். இது போதுமா?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மஞ்சக்குப்பம், கடலூர்

போதாது என்பதோடு, இந்தப் பகுதியைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. அந்தப் படத்தை அழிப்பதால் பயனில்லை. உங்கள் போன் அதை இந்நேரம் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றியிருக்கக்கூடும். வாட்ஸ்அப் பேக்கப்பிலும் ஏறியிருக்கலாம். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடிப் படித்துத் திருடும் செயலிகளும் இருக்கின்றன. புதிதாக ஒரு வாலட்டை உருவாக்கி, அது தரும் புதிய சொற்களைக் கையால் எழுதி, பழைய வாலட்டில் இருப்பதையெல்லாம் புதியதன் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். பழைய வாலட்டை அதன்பின் மறந்துவிடலாம்.

அந்தச் சொற்களைச் சீட் ஃபிரேஸ் என்பார்கள். மீட்புச் சொற்கள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். முன்பு சொன்ன நீண்ட எண்ணை மனிதன் பிழையில்லாமல் எழுதி வைக்க முடியாது என்பதால், அது பிறக்கும் மூல எண்ணை எளிய சொற்களாக மாற்றும் முறை ஒன்று 2013-இல் வகுக்கப்பட்டது. 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல்; அதிலிருந்து 12 அல்லது 24 சொற்கள், ஒரு குறிப்பிட்ட வரிசையில். போன் உடைந்தாலும் தொலைந்தாலும், வேறு போனில் இச்சொற்களை அதே வரிசையில் இட்டால் கணக்கு முழுவதும் திரும்ப வந்துவிடும். உங்களுக்கு வருவது போலவே, அதைப் படமெடுத்தவருக்கும் வந்துவிடும். வாலட்டைத் திறக்க நீங்கள் வைத்திருக்கும் பாஸ்வேர்டு அந்த ஒரு போனுக்கு மட்டுமே பூட்டு. மீட்புச் சொற்கள் தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை.

ஆகவே காகிதத்தில் எழுத வேண்டும். காகிதம் என்றதும் நம் கடற்கரையை நினைக்காமல் இருக்க முடியாது. 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் என்று பட்டவர்கள் நாம். ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ.-ஐத் தாண்டி மழை கொட்டியது. அன்றிரவு என் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த நோட்டில்தான் என் மீட்புச் சொற்கள் இருந்தன, அதுவும் ஜெல் பேனாவில் எழுதியவை. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைப் பிரித்து மின்விசிறியின் கீழ் உலர்த்தியபோது, ஏழாவது சொல் நீல நிற மேகமாகப் பரவியிருந்தது. எட்டாவதில் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. ஊருக்கெல்லாம் எழுத்தில் புத்தி சொல்கிறவன் நோட்டைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் வைத்திருந்தேன். போனில் வாலட் இன்னும் திறந்தது என்பதால் அன்றே புது வாலட்டுக்கு மாற்றிப் பிழைத்தேன்.

அதற்குப் பின் செய்ததைச் சொல்கிறேன். எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா? அதே யோசனைதான். ஆனால் மீட்புச் சொற்களைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டி வெட்டச் சொல்ல முடியாது. இரும்புக் கடையில் ஆங்கில எழுத்துகள் கொண்ட லெட்டர் பஞ்ச் பெட்டி ஒன்றும், கையகல எவர்சில்வர் தகடு ஒன்றும் வாங்கினேன். அந்த 2,048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காதபடி பட்டியல் அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகளை அடித்தால் போதும். மூன்றெழுத்துச் சொல் என்றால் மூன்றையும் அடித்து நிறுத்திவிட வேண்டும். 12 சொற்களுக்கு அதிகபட்சம் 48 எழுத்துகள். மொட்டை மாடியில் கருங்கல் ஒன்றின் மேல் தகட்டை வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அடியில் இறக்க வேண்டும்; இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகிவிடும். ஓர் எழுத்தைத் தலைகீழாக அடித்துவிட்டு முதல் தகட்டையே வீணாக்கினேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன, பாத்திரப் பட்டறை வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். எவர்சில்வர் உருக ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டுத் தீயோ வெள்ளமோ அதை ஒன்றும் செய்யாது. பெரிய தொகை இல்லாதவர்கள் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பென்சிலால் இரண்டு காகிதங்களில் எழுதி, தனித்தனியாக லேமினேட் உறையில் இட்டு, ஒன்றை வீட்டிலும் மற்றதை மேட்டுப் பகுதியில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைத்தால் போதும். லேமினேட் செய்யும் கடைக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். அந்த மேசையில் ஜெராக்ஸ் மெஷினும் இருக்கும்.

எனக்கு ஆங்கிலம் எழுத அவ்வளவாக வராது. மகன் வாசிக்க வாசிக்க 12 சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துவிட்டேன். பரவாயில்லையா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

இந்தக் கேள்வியைப் படித்ததும் எழுந்து சென்று அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் சில சொற்கள் உண்மையிலேயே மோதுகின்றன. சீட்டைக் குறிக்கும் கார்டும், காவலாளியைக் குறிக்கும் கார்டும் இரண்டுமே அந்த 2,048-இல் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து, தமிழில் ஒரே சொல். சரி என்று பொருள்படும் ரைட்டும் எழுது என்று பொருள்படும் ரைட்டும் அப்படியே. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டது ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். கடைசிச் சொல்லுக்குள் முந்தைய சொற்களைச் சரிபார்க்கும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 12 சொற்களைத் தாறுமாறாக இட்டால் பதினாறில் ஒரு முறைதான் வாலட் அதை ஏற்கும். ஆகவே இரண்டு விதமாகவும் இட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியானது தெரிந்துவிடும். இரண்டையும் ஏற்றால், எதைத் திறந்தால் உங்கள் இருப்பு தெரிகிறதோ அதுவே சரி. ஆனால் அந்தச் சோதனையைப் பணம் முடங்கிய பிறகு செய்வானேன்? போனில் வாலட் திறக்கும்போதே, மகனை உடன் வைத்துக்கொண்டு, அமைப்புகள் பகுதியில் மீட்புச் சொற்களைத் திரும்பக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் படம் வரைவது போல் பார்த்து எழுதிவிடுங்கள். பக்கத்தில் தமிழிலும் எழுதிக்கொள்ளலாம். 1 முதல் 12 வரை எண்ணையும் இடுங்கள். வரிசை மாறினால் சொற்கள் சரியாக இருந்தும் பயனில்லை. இந்தப் பட்டியல் ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு உள்ளிட்ட சில மொழிகளிலும் வகுக்கப்பட்டிருக்கிறது, தமிழில் இல்லை.

என் அண்ணன் மகன் பிரான்ஸில் இருக்கிறான். வரும்போது ஹார்டுவேர் வாலட் வாங்கி வருவதாகச் சொல்கிறான். அதற்குள் இணையத்தில் ஒருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். மீட்புச் சொற்கள் அச்சிட்ட அட்டையும் உடன் வருமாம். எதை வாங்கலாம்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஹார்டுவேர் வாலட் என்பது சாவியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறு கருவி. பாதி விலைக்காரரை விட்டுவிடுங்கள். அச்சிட்ட அட்டையோடு வரும் வாலட், பூட்டோடு சேர்த்துத் திருடனின் மாற்றுச் சாவியையும் விற்பது போன்றது. அட்டை சுரண்டாமல், உறை கிழியாமல் அழகாகவே இருக்கும். நீங்கள் அந்தச் சொற்களை இட்டுக் காயினைப் போட்டுவைப்பீர்கள். ஒரு மாதமோ ஆறு மாதமோ பொறுத்திருந்து அவர் எடுத்துக்கொள்வார். உண்மையான கருவி காலியாகத்தான் வரும். முதல் முறை இயக்கும்போது தன் சின்னத் திரையில் தானே சொற்களை உருவாக்கிக் காட்டும். அவை அந்தத் திரையைத் தாண்டிக் கணினிக்கோ போனுக்கோ போவதில்லை. இதற்காகத்தான் அந்தக் கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். உங்கள் கணினியில் வைரஸ் இருந்தாலும், கருவியின் பொத்தானை நீங்கள் அழுத்தாமல் காயின் நகராது. அழுத்தும் முன் திரையில் தெரியும் முகவரியையும் தொகையையும் படிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

2014-இல் வந்த டிரெசர் இவ்வகையில் முன்னோடி. பிரெஞ்சு நிறுவனமான லெட்ஜரும் பெயர் பெற்றது. அண்ணன் மகன் அந்நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் வாங்கி வருவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டை வாங்குவது போல் இதைப் பழையதில் தேட வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 2020-இல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் பெயரும் வீட்டு முகவரியும் அடங்கிய பட்டியல் கசிந்தது, கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டியலில் இருந்தவர்கள் சிலருக்கு, "பாதுகாப்புக்காகப் புதிய கருவி அனுப்பியிருக்கிறோம், அதற்கு மாறிக்கொள்ளுங்கள்" என்ற கடிதத்தோடு போலிக் கருவிகளே தபாலில் வந்தன. அண்ணன் மகன் வீட்டுக்கும் அப்படி ஏதாவது வரலாம். அலுவலக முகவரியையோ தபால் பெட்டியையோ கொடுத்து வாங்கினால் நிம்மதி.

என் வாலட்டில் 40 யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் காயின்) வந்து நிற்கிறது. கண்ணால் பார்க்கிறேன், அனுப்ப முடியவில்லை. "போதிய இருப்பு இல்லை" என்கிறது. வாலட் கெட்டுவிட்டதா?
– ஃப்ரீலான்ஸ் டிசைனர், திருப்பாதிரிப்புலியூர்

கெடவில்லை; அந்த வலைப்பின்னலின் கட்டணம் உங்களிடம் இல்லை. T என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் முகவரிக்கு வந்திருந்தால் அது டிரான் வலைப்பின்னல். அங்கே யுஎஸ்டிடியை நகர்த்தவும் கட்டணம் டிஆர்எக்ஸ் காயினில்தான் கேட்பார்கள். பூஜ்யம் எக்ஸ் (0x) என்று தொடங்கினால் எதேரியம் அல்லது அதை ஒத்த ஒன்று. எதேரியத்தில் கட்டணம் ஈத்தரில். கையில் நூறு டாலர் நோட்டு இருந்தாலும் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை ரூபாய்தான் வேண்டும் என்பது போல. எக்ஸ்சேஞ்சில் சிறிதளவு டிஆர்எக்ஸ் வாங்கி அதே முகவரிக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

இதே விஷயத்தைத் தூண்டிலாக்கும் வேடிக்கையான மோசடி ஒன்றும் உண்டு. அப்பாவி போல் ஒருவர் தன் மீட்புச் சொற்களைப் பொதுவெளியில் போட்டு, "இதிலிருந்து யுஎஸ்டிடியை எப்படி எடுப்பது?" என்று கேட்பார். திறந்து பார்த்தால் உண்மையாகவே ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டணத்துக்கான டிஆர்எக்ஸ் மட்டும் இருக்காது. ஆசைப்பட்டு அதைப் போட்டால், போட்டது அவருக்குப் போகும். அந்தக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தை அவர் முன்பே வேறு சாவிக்கு மாற்றி வைத்திருப்பார்.

அனுப்பும்போது முகவரியின் முதல் நான்கு எழுத்து, கடைசி நான்கு எழுத்து என்று மட்டும் பார்ப்பது இப்போது போதாது. மோசடிக்காரர்கள், நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே தொடங்கி, அதைப் போலவே முடியும் முகவரி ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து ஒரு காசு மதிப்புக்கும் குறைவாக உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து நீங்கள் எடுத்து ஒட்டும்போது, அவர்களுடையதை ஒட்டுவீர்கள். பழைய பட்டியலிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். பெறுபவரிடமிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கி, நடுவில் உள்ள எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் சிறு தொகை அனுப்பி, "வந்துவிட்டது" என்று அவர் சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள். இரண்டு முறை கட்டணம் போகிறதே என்று பார்க்க வேண்டாம்.

டெலிகிராமில் வாலட் நிறுவனத்தின் உதவி அதிகாரி என்று ஒருவர் பேசினார். "உங்கள் வாலட் சரிபார்க்கப்படவில்லை, 24 மணி நேரத்தில் முடங்கும்" என்று ஒரு பக்கத்தின் இணைப்பை அனுப்பினார். அதில் 12 சொற்களையும் இடச் சொல்கிறது. இடலாமா?
– வாசகி, வில்லியனூர்

கூடாது. உங்கள் மீட்புச் சொற்களைக் கேட்கும் எவரும் திருடர். இதற்கு விதிவிலக்கே கிடையாது. சொந்த வாலட்டை முடக்க அந்த நிறுவனத்தாலேயே முடியாது, சாவி அவர்களிடம் இல்லையே. அதே போல, "ஏர்டிராப்", அதாவது இலவசக் காயின் தருகிறோம் என்று சொல்லும் பக்கத்தில் வாலட்டை இணைத்து, படிக்காமல் "அனுமதி" என்பதை அழுத்தினால், சொற்களைக் கொடுக்காமலேயே குறிப்பிட்ட டோக்கன்களை எடுத்துக்கொள்ளும் உரிமையை எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவ்வாறு ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளை ரத்துச் செய்ய வழி உண்டு. மாதம் ஒருமுறை பார்த்து ரத்துச் செய்யலாம்.

சொற்களை ஏற்கெனவே இட்டுவிட்டவர்கள் முதலில் மீதியிருப்பதைப் புது வாலட்டுக்கு மாற்றுங்கள். பிறகு 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். பரிவர்த்தனை எண்ணும், அனுப்பப்பட்ட முகவரியும், அந்த உரையாடலின் படங்களும் கையில் இருக்கட்டும். பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் திருடப்பட்ட காயின் ஏதேனும் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால் அங்கே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் காவல் துறைக்கு இருக்கிறது. தாமதம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். "போனதை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று அடுத்த வாரம் ஒருவர் வருவார். பெரும்பாலும் அவரும் அதே கும்பலாக இருப்பார்.

வரி பற்றியும், நான் இல்லாவிட்டால் என் மனைவி இதை எப்படி எடுப்பது என்பது பற்றியும் சொல்லுங்கள். அவருக்கு இதெல்லாம் தெரியாது.
– வணிகர், பண்ருட்டி

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும் முறை அதே ஆண்டு ஜூலை 1 முதல் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல என்பதால் அதற்கு லாப வரி எழாது. ஆனால் வாங்கிய தேதியும் விலையும் எக்ஸ்சேஞ்சில்தான் இருக்கும். அந்தச் செயலி நாளை மூடப்பட்டால் அடக்க விலையைக் காட்ட வழியிருக்காது. மாற்றும் முன்பே அறிக்கையைப் பதிவிறக்கி அச்செடுத்து வையுங்கள். மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வங்கிக் கணக்கு என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டுபோய், அலைந்தாவது வாங்கிவிடலாம். சொந்த வாலட்டில் அலைவதற்கே ஓர் அலுவலகம் இல்லை. எனவே ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன வாலட், எந்தச் செயலி அல்லது கருவி, எக்ஸ்சேஞ்ச் கணக்கு எந்த மின்னஞ்சலில், மீட்புச் சொற்கள் எழுதிய தகடு எந்த இடத்தில் என்பதை அதில் தமிழில் எழுதுங்கள். சொற்களை மட்டும் அந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். கடிதம் ஓரிடத்தில், சொற்கள் வேறிடத்தில். சொற்களை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு வீடுகளில் வைப்பது கேட்கப் புத்திசாலித்தனமாகத் தோன்றும்; ஒரு வீட்டில் கரையான் வந்தால் இரண்டும் போயிற்று. 12 சொற்களோடு நீங்களே ஒரு கூடுதல் சொல்லை வைத்துக்கொள்ளும் வசதி சில வாலட்களில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் அந்தச் சொல்லையும் எங்காவது எழுதி வைத்தே ஆக வேண்டும். மனத்தில் மட்டும் வைத்திருந்தால் அது உங்களோடு போய்விடும்.

கடிதம் எழுதியதும், தெரியாது என்று நீங்கள் சொல்லும் அதே மனைவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய போன் ஒன்றில் வாலட் செயலியைப் புதிதாக நிறுவி, சோதனைக்காக உருவாக்கிய 200 ரூபாய் வாலட்டின் சொற்களை அவர் கையாலேயே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போனைத் தொடாதீர்கள், குறுக்கே பேசாதீர்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைக் கடிதத்தில் விளக்கி எழுதுங்கள். என் வீட்டில் இதைச் செய்தபோது, என் மனைவி "ரீஸ்டோர்" என்ற பொத்தானை விட்டுவிட்டு "புதிய வாலட்" என்பதை அழுத்தி, இருப்பு பூஜ்யம் என்று காட்டியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தில் அந்த ஒரு வரி அன்று மாலைதான் சேர்ந்தது.